பிச்சாவரம்: ஒரு காட்டை ரிப்பேர் பார்த்த கதை

பிச்சாவரம்னு சொன்னதும் நம்ம மக்கள்ல பாதிப் பேருக்கு எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' (1975) ஞாபகம் வரும். மீதிப் பாதிக்குத் துடுப்புப் படகும், தலைக்கு மேல பந்தல் போட்ட மாதிரி வளைஞ்சு நிக்குற மரங்களும், அதுக்கு நடுவுல கூலிங்கிளாஸோட எடுத்துக்கிட்ட போட்டோவும் ஞாபகம் வரும். தப்பில்லை, என்கிட்டயும் அப்படி ஒண்ணு இருக்கு :-)

ஆனா இந்தப் பதிவு சினிமா பத்தியும் இல்லை, 'ஒரு நாள் சுற்றுலா, செலவு எவ்வளவு' வகையும் இல்லை. கொஞ்ச நாளா மண்டையைக் குடையுற ஒரு கேள்வி. சுனாமி, புயல், வெள்ளம்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு அடிக்கிற கடலூர் மாவட்டக் கடற்கரையில, இப்படி ஒரு இடத்தைத் திரும்பக் கட்டி எழுப்புறாங்கன்னா, எதைக் கட்டுறாங்க? படகுத்துறையையா, டிக்கெட் கவுண்டரையா, தங்குற ரூமையா? இல்ல வேற எதையாவதா? இதைத் தேடிப் படிக்கப் போய், சுனாமிக்குப் பத்து வருஷம் முன்னாடியே ஆரம்பிச்ச ஒரு கதையில போய் நின்னேன். அதைத்தான் சொல்லப் போறேன்.

டிஸ்கி: நான் பொட்டி தட்டுற ஆசாமி. படிச்சது இன்ஜினியரிங். தாவரவியல் எனக்குப் பத்தாம் வகுப்போட முடிஞ்சு போச்சு. அதனால மரத்தைப் பத்திச் சொல்றப்போ கொஞ்சம் சுத்தி வளைச்சுத்தான் சொல்லுவேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஊர்

சிதம்பரத்திலிருந்து கிழக்கே கிள்ளை வழியாகப் போனால் சுமார் 15 கிலோமீட்டர். வடக்கே பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கிறது. தெற்கே கொள்ளிடம். இந்த இரண்டு முகத்துவாரங்களுக்கும் நடுவில் படுத்திருக்கிறது பிச்சாவரம் காடு. ஏறக்குறைய 1,100 ஹெக்டேர், அதில் பெரிசும் சின்னதுமாக 51 திட்டுகள், அவற்றுக்கு நடுவே வாய்க்கால்கள். கடல் தண்ணீர் முகத்துவாரம் வழியாக உள்ளே வருகிறது. நல்ல தண்ணீர் உப்பனாறு, கான் சாகிப் வாய்க்கால் வழியாக வருகிறது. இந்த இரண்டும் எந்த விகிதத்தில் கலக்கிறது என்பதுதான் காட்டின் ஆயுளையே தீர்மானிக்கிறது. இதைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

ஒரு சின்ன இடைச்செருகல். 'உலகின் இரண்டாவது பெரிய சதுப்புநிலக் காடு' என்று பிச்சாவரத்தைப் பற்றி எங்கே பார்த்தாலும் எழுதி வைத்திருக்கிறார்கள். பாசத்துல சொல்றதுதான், ஆனா கணக்கு இடிக்குது. 1,100 ஹெக்டேர் என்றால் 11 சதுர கிலோமீட்டர். சுந்தரவனம் இந்தியா, வங்காளதேசம் இரண்டும் சேர்த்து சுமார் 10,000 சதுர கிலோமீட்டர். உலகத்தை விடுங்க, ஒடிசாவின் பித்தர்கனிகாவும் ஆந்திராவின் கோதாவரி முகத்துவாரக் காடும்கூட பிச்சாவரத்தைவிடப் பல மடங்கு பெரிசு. நம்ம ஊர் பெருமைக்கு இந்தப் பொய் தேவையே இல்லை. உண்மையான பெருமை வேற இருக்கு.

தில்லை என்ற பெயரையே எடுத்துக்கோங்க. சிதம்பரத்தின் பழைய பெயர். நடராஜர் கோயிலின் தலவிருட்சம் தில்லை மரம். இன்னிக்கு சிதம்பரம் டவுனுக்குள்ள சுத்தினா தில்லை வனமெல்லாம் கண்ணுல படாது. ஆனால் அந்த மரம் பிச்சாவரத்தில் இன்னமும் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் உள்ளூர் ஆட்கள் ஜாக்கிரதையாகவே இருப்பார்கள். சதுப்புநிலத்தின் ஓரத்தில் வளரும் ஒரு மரத்தின் பெயரால் ஒரு ஊரே அழைக்கப்பட்டிருக்கிறது. கோயிலும் காடும் ஒரே கதையின் ரெண்டு அத்தியாயம்.

இன்னொரு பெயர், அலையாத்தி. அலையை ஆற்றுவது. 'மாங்குரோவ்' என்று நாம் சொல்ல ஆரம்பிப்பதற்கு எவ்வளவோ முன்னாலேயே, இந்த மரம் என்ன வேலை பார்க்கிறது என்பதை ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள் நம்ம ஆட்கள்.

முதல் பேரிடர்: கோடாரி

பிச்சாவரம் வாங்கிய முதல் பெரிய அடி கடலிலிருந்து வரவில்லை. ஆபீஸிலிருந்து வந்தது.

ஆங்கிலேயர் காலத்து வனத்துறை இந்தக் காட்டை விறகுக் கணக்காகத்தான் பார்த்தது. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் முறை வைத்து மொட்டையாக வெட்டுவார்கள். அதற்கு 'கூப்' முறை என்று பெயர். வெட்டின இடம் தானாகத் திரும்ப முளைக்கும், 15, 20 வருஷம் கழித்து மறுபடி வெட்டலாம் என்பது திட்டம். சாதாரணக் காட்டில் இது ஓரளவு நடக்கும். சுதந்திரத்துக்குப் பிறகும் இதே முறைதான் 1970கள் வரை ஓடியது.

சதுப்புநிலத்தில் நடந்தது வேறு. மரம் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. சேற்றிலிருந்த ஈரம் ஆவியானது. ஈரம் போனதும் மண் சுருங்கிக் கீழே இறங்கியது. கொஞ்ச வருஷத்தில் அந்த இடம் தாம்பாளம் மாதிரி நடுவில் பள்ளமாகிவிட்டது. பெரிய ஓதம் வந்தால் கடல் தண்ணீர் உள்ளே வரும், ஆனால் வடியாது. அப்படியே நின்று வெயிலில் காயும். உப்பு மட்டும் தங்கும். அடுத்த ஓதத்தில் இன்னும் கொஞ்சம் உப்பு. கடைசியில் கடலைவிட உப்பான மண். எந்த விதை விழுந்தாலும் கருகிவிடும்.

இதுல கொடுமை என்னன்னா, காடு அழிஞ்சதுக்கு ரொம்ப காலம் பழி சுமந்தது சுத்துப்பட்டு ஊர்க்காரங்க. மாடு மேய்க்குறாங்க, விறகு பொறுக்குறாங்க, அதான் காடு போச்சுன்னு. வெட்டுறதுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்த ஃபைலை யாரும் தூசி தட்டிப் பார்க்கலை.

வாய்க்கால் வெட்டிய கதை

எம்.எஸ். சுவாமிநாதன் 1988ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் பிச்சாவரத்தில் இறங்கியது. எங்க பாஷையில சொன்னா, ஒரு சிஸ்டம் திரும்பத் திரும்ப விழுந்தா சும்மா ரீஸ்டார்ட் பண்ணிட்டுப் போகக் கூடாது, 'ரூட் காஸ்' என்னன்னு பார்க்கணும். அவங்க பார்த்தாங்க. பிரச்சினை மரத்துல இல்லை, தண்ணி ஓட்டத்துல இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. அந்தத் தாம்பாளப் பள்ளத்துக் கதையை எடுத்துச் சொன்னது அவங்க ஆய்வுதான்.

தீர்வு கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். பள்ளத்தின் நடுவே ஒரு பெரிய வாய்க்கால் வெட்டி அதை இயற்கையான ஓடையோடு இணைப்பது. அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். மேலே இருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். ஓதம் ஏறும்போது தண்ணீர் உள்ளே வரும், இறங்கும்போது வெளியே போகும். தேங்கின உப்பைக் கடலே கழுவிக்கொண்டு போகும். அதற்குப் பிறகுதான் நாற்று. வெண்கண்டல் அதிகமாகவும், சுரபுன்னை ஓடைக் கரைகளிலும்.

வெட்டினதோடு வேலை முடியலை. வண்டல் வந்து அடைத்துக்கொண்டே இருக்கும், அவ்வப்போது தூர் வார வேண்டும். இதை யார் செய்வது? சுற்றியுள்ள ஊர்களில் குழுக்கள் அமைத்து, வனத்துறை, ஆராய்ச்சி நிறுவனம், ஊர்மக்கள் மூன்று பேரும் சேர்ந்து காட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. கிள்ளை பக்கத்து எம்.ஜி.ஆர் நகரில் இருக்கும் இருளர் குடும்பங்களும் இதில் இருந்தார்கள். வலையில்லாமல், கையாலேயே சேற்றில் துழாவி இறால் பிடிப்பவர்கள் அவர்கள். எந்த ஓடையில் எப்போது எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். முன்னாடி பழி சுமந்த ஊர்க்காரங்கதான் இப்போ மண்வெட்டி பிடிச்சாங்க.

பலன்? 2003ல் 'கரண்ட் சயன்ஸ்' இதழில் அந்த நிறுவனத்தின் வி. செல்வம் குழுவினர் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1986ஐ விட 2002ல் பிச்சாவரத்தின் மரப்பரப்பு சுமார் 90 சதவீதம் கூடியிருந்தது. ஏறக்குறைய இரண்டு மடங்கு. அடுத்த வருஷக் கடைசியில் என்ன வரப்போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

26 டிசம்பர் 2004

ஞாயிற்றுக்கிழமை. மார்கழிப் பௌர்ணமி. ஆருத்ரா தரிசனத்தை ஒட்டிய நாட்கள், சிதம்பரத்தில் நல்ல கூட்டம். காலை ஆறரை மணி வாக்கில் சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலடியில் பூமி நடுங்கியது. இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் அலை நம்ம கரையில். கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். தேவனாம்பட்டினம், சில்வர் பீச் பக்கம் நடந்ததை அந்தத் தலைமுறை மறக்காது. எனக்கு அப்போ தொடக்கப் பள்ளி வயசு. பெரியவங்க முகத்துல இருந்த பயம் மட்டும்தான் ஞாபகம் இருக்கு.

பிச்சாவரம் பகுதியில் அடி விழுந்த விதம் கவனிக்க வேண்டியது. கடலுக்கும் காட்டுக்கும் நடுவே, மணல்திட்டின் மேல் இருந்த எம்.ஜி.ஆர் திட்டு போன்ற மீனவக் குடியிருப்புகள் துடைத்தெடுக்கப்பட்டன. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரும்பாலும் தப்பித்தன.

2005 அக்டோபரில் 'சயன்ஸ்' இதழில் டேனியல்சன் குழுவினர் எழுதிய கட்டுரை இந்தக் கடற்கரையைப் பற்றித்தான். காட்டை ஒட்டி ஐந்து கிராமங்கள். கடல் பக்கம் இருந்த இரண்டும் முழுதாக அழிந்தன. காட்டுக்குப் பின்னால் இருந்த மூன்றும் அழிவிலிருந்து தப்பின. அதே வருஷம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த க. கதிரேசனும் ந. ராஜேந்திரனும் இந்தக் கரையின் 18 குப்பங்களை எடுத்துக்கொண்டு, காடு உயிரைக் காத்தது என்று எழுதினார்கள்.

இங்கே நின்றுவிட்டால் பதிவு சூப்பராக இருக்கும். ஆனால் முழுக்கதையையும் சொல்லணும்ல? 2006ல் கெர், பெய்ர்ட், கேம்பெல் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதே 18 குப்பங்களின் கணக்கைத் திரும்பப் போட்டார்கள். கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு என்ற இரண்டு விஷயங்களே சாவு எண்ணிக்கையில் உள்ள வித்தியாசத்தை ஏறக்குறைய முழுக்க விளக்கிவிடுகின்றன, மரம் சேர்ப்பது ரொம்பக் கொஞ்சம் என்றார்கள். அதற்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என்று சண்டை ஓடியது. நம்ம பதிவுலகக் கும்மி எல்லாம் பிச்சை வாங்கணும், அவ்வளவு பதில்கள் :-)

நான் புரிஞ்சுக்கிட்டது இது. அலையாத்தி காடு கான்கிரீட் சுவர் கிடையாது. எல்லா சுனாமியையும் தடுத்துடும்னு சொல்லி மக்களைக் கடலோரம் உட்கார வச்சா அது துரோகம். அதே சமயம் காட்டுக்குப் பின்னாடி வீடு கட்டினா, கடலுக்கும் வீட்டுக்கும் நடுவுல காடு நிக்கும். காடு தூரத்தைக் கொடுக்குது. அந்தத் தூரம் உயிரைக் காப்பாத்துது. ரெண்டு கட்சிக்காரங்க சொல்றதையும் சேர்த்து வச்சுப் பார்த்தா, காட்டை விட்டு வைக்கணும்னுதான் முடிவு வருது.

சரி, எதைத் திரும்பக் கட்டினார்கள்?

சுனாமிக்குப் பிறகு எம்.ஜி.ஆர் திட்டு மக்கள் உள்பக்கமாகக் குடியேற்றப்பட்டார்கள். 2005 மார்ச்சில் வந்த தமிழக அரசாணை, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் புது வீடு கட்ட அரசு உதவி கிடையாது, தள்ளி வந்தால் வீடு உண்டு என்ற மாதிரி அமைந்தது. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கிப் பணத்தில் வீடுகள், துறைமுகங்கள், சாலைகள் வந்தன. கடலை நம்பிப் பிழைப்பவனுக்குக் கடலைவிட்டுத் தள்ளிப்போவது எவ்வளவு பெரிய இழப்பு என்பது தனிப் பதிவுக்கான சமாச்சாரம்.

பிச்சாவரத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் அறிஞர் அண்ணா சுற்றுலா வளாகம் இருக்கிறது. படகுத்துறை, டிக்கெட் கவுண்டர், சாப்பிடும் இடம், காட்டைப் பார்க்கும் கோபுரம். நின்ற படகுச் சவாரி மறுபடி தொடங்கியது, சனம் மறுபடி வந்தது. இந்த வளாகம் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை வரைபடத்தைத் திறந்து பாருங்கள். காட்டின் மேற்கு ஓரத்தில், நிலப்பக்கம். அதாவது கடலுக்கும் படகுத்துறைக்கும் நடுவில் மொத்தக் காடும் நிற்கிறது. சுற்றுலாப் பயணி எதைப் பார்க்க வருகிறானோ, அதுவே அவன் நிற்கும் இடத்துக்குக் காவலும்கூட.

இது சாதாரண விஷயம் இல்லைங்க. வேற ரெண்டு இடத்தைச் சொல்றேன், ஒப்பிட்டுப் பாருங்க.

ஒன்று, இலங்கையின் யால தேசியப் பூங்கா. அதே சுனாமி, அதே நாள். யாலவின் கரையில் இயற்கையான மணல்மேடுகள் இருந்தன. அங்கிருந்த ஒரு கடற்கரை விடுதியின் முன்னால் மட்டும், தங்குபவர்களுக்குக் கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்று மணல்மேட்டின் ஒரு பகுதியை அகற்றியிருந்தார்கள். சுனாமிக்குப் பிறகு இலங்கை போன சர்வதேச ஆய்வுக்குழு 2005 ஜூனில் 'சயன்ஸ்' இதழில் இதைப் பதிவு செய்தது. அக்கம்பக்கத்தைவிட அங்கே தண்ணீர் உயரமாக வந்து விடுதியை அழித்துவிட்டது. 'வியூ'வுக்காகக் கொடுத்த விலை.

இரண்டாவது, அமெரிக்காவின் புளோரிடாவில் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்கா. அதன் தென்கோடியில் ஃபிளமிங்கோ என்ற இடம். அதுவும் அலையாத்தி காடுதான், வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கும். அங்கே இருந்த தங்கும் விடுதியை 2005ல் கத்ரீனா, வில்மா என்ற இரண்டு புயல்கள் அடுத்தடுத்து நாசமாக்கின. பிறகு இடித்துத் தள்ளினார்கள். 2017ல் இர்மா புயல் வந்து மிச்சத்தையும் ஒரு கை பார்த்தது. புது விடுதி திறந்தது 2023ல். பதினெட்டு வருஷம்! அதுவும் பழைய மாதிரி தரையில் இல்லை. கப்பல் சரக்குப் பெட்டிகளை அறைகளாக மாற்றி, உயரமான தூண்கள் மேல் தூக்கி வைத்திருக்கிறார்கள். அலை வந்தால் அடியில் போகட்டும் என்று. பணமும் டெக்னாலஜியும் இருக்கிற நாட்டுக்கே, திரும்பக் கட்டுவது என்றால் 'பழையபடி' கட்டுவது இல்லை என்று புரிய இத்தனை வருஷமும் மூன்று புயலும் தேவைப்பட்டிருக்கிறது.

இந்த ரெண்டு இடத்துலயும் கட்டிடம் முன்னாடி, இயற்கை பின்னாடி. பிச்சாவரத்துல இயற்கை முன்னாடி, கட்டிடம் பின்னாடி. சவாரி சீக்கிரம் திரும்ப ஓடினதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

தானே, வெள்ளம், இன்னும் பிற

கடலூருக்கு ஓய்வு கிடையாது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்தது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை காற்று. பண்ருட்டிப் பக்கம் தலைமுறையாக நின்ற பலா, முந்திரித் தோப்புகள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டி, மாவட்டமே தண்ணீரில் மிதந்தது. 2018 நவம்பரில் 'கஜா' தெற்கே இறங்கி, முத்துப்பேட்டை அலையாத்தி காட்டையும் கோடியக்கரையையும் பிய்த்துப் போட்டது.

இதிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டார்கள், அதையும் சொல்லணும். 2013ல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய கடலோரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டத்தில், கடலூரில் மின்கம்பிகளை மண்ணுக்கடியில் புதைத்தார்கள், கரையோரம் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டினார்கள். சாய்ந்த கம்பத்தை அதே இடத்தில் நட்டுவிட்டு அடுத்த புயலுக்குக் காத்திருக்காமல், கம்பமே வேண்டாம் என்று முடிவெடுத்தது நல்ல வேலை. பாராட்டுக்கள்.

2022ல் பிச்சாவரம் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தது. 1,478.64 ஹெக்டேர், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம். உலகின் இரண்டாவது பெரிய காடுன்னு அளந்து விடுறதைவிட இது எவ்வளவோ மேல்.

அப்போ கவலை என்ன?

பட்டியலில் பேர் வந்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் வசதி வேண்டும். பெரிய படகுத்துறை, ரெஸ்டாரண்ட், காட்டேஜ், கார் பார்க்கிங். கூடாதுன்னு சொல்ல மாட்டேன். துடுப்பு போடுற அண்ணன்களுக்கு அதுதான் சோறு.

போன தடவை போனப்போ ஒரு படகோட்டிகிட்ட, "அண்ணே, அந்தச் சின்ன ஓடைக்குள்ள போகலாமா?"ன்னு கேட்டேன். "இப்ப வேணாம் தம்பி, தண்ணி இறங்குது, உள்ள போனா தரை தட்டிரும். ஓதம் ஏறட்டும்"னார். அம்புட்டுதான் விஷயம். மோட்டார் படகு அகலமான ஓடையிலதான் ஓடும், அந்தப் பந்தல் மாதிரி குறுகின ஓடைக்குள்ள துடுப்புப் படகுதான் போக முடியும். அந்த ஓடை திறந்திருந்தாத்தான் காட்டுக்கு உயிர், அவருக்கு வேலை, நமக்கு போட்டோ. மூணும் ஒரே தண்ணி.

அதனால் அடுத்த புயலுக்குப் பிறகு (வரும், அதில் சந்தேகமே வேண்டாம்) பிச்சாவரத்தைச் சீரமைக்க நிதி ஒதுக்கும்போது, என் சிற்றறிவுக்கு எட்டின வரைக்கும் நாலு கேள்வி கேட்கணும்.

1. புதுசாகக் கட்டுவது காட்டுக்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா? கடல் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு மணல்மேட்டையோ நாலு மரத்தையோ எடுக்கிறார்களா? யால கதை ஞாபகம் இருக்கட்டும்.

2. வாய்க்கால் தூர் வாரும் செலவு அந்த நிதிக்குள் இருக்கிறதா? கட்டிடத்துக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. சேற்றை அள்ளுவதற்கு ரிப்பன் வெட்ட யாரும் வர மாட்டார்கள். ஆனால் 1990களில் இந்தக் காட்டைத் திரும்பக் கொண்டுவந்தது சேறு அள்ளின அந்தக் கைகள்தான்.

3. நல்ல தண்ணீர் வருகிறதா? கொள்ளிடத்திலும் வாய்க்காலிலும் வரும் நீர் குறையக் குறைய காட்டின் உப்பு ஏறும். உப்பு தாங்கும் வெண்கண்டல் நிற்கும், மற்ற வகைகள் ஒவ்வொன்றாகக் குறையும். மேலே பச்சையாகத் தெரிவதால் எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம். காவிரிப் பங்கீட்டுப் பேச்சில் வயலுக்கு, குடிநீருக்கு என்று கணக்குப் போடுகிறோம். முகத்துவாரத்துக்கு என்று ஒரு பங்கு கேட்க ஆளில்லை.

4. கிள்ளை, எம்.ஜி.ஆர் நகர், பிச்சாவரம் ஆட்கள் அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறார்களா? அல்லது திட்டம் எங்கேயோ போடப்பட்டு, அவர்கள் கூலிக்கு மட்டும் கூப்பிடப்படுகிறார்களா? கூப் முறையும் மேஜையில் போட்ட திட்டம்தான். பார்க்க ரொம்பச் சுத்தமாக இருந்தது. ஐம்பது, அறுபது வருஷம் காட்டைத் தின்றது.

எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துட்டா எழுப்பி விடுறவனுக்குக் கைத்தட்டல் கிடைக்கும். படுக்காம பார்த்துக்கிட்டவன் பேரு யாருக்கும் தெரியாது. பிச்சாவரத்துல சுனாமிக்குப் பத்து வருஷம் முன்னாடி இடுப்பளவு சேத்துல நின்னு வாய்க்கால் வெட்டினவங்க அந்த ரெண்டாவது வகை. பேரிடர் நிவாரணக் கணக்குல அவங்க வேலை எந்த வரியிலயும் வராது. ஏன்னா அது நடந்தது பேரிடருக்கு முன்னாடி.

மக்களே, அடுத்து பிச்சாவரம் போனீங்கன்னா போட்டோ கண்டிப்பா எடுங்க, நானும் எடுப்பேன். கூடவே படகுக்காரர்கிட்ட "மீன் முள் வாய்க்கால் எந்தப் பக்கம் வெட்டினாங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. அது தூர் வாரிக் கிடக்கா, அடைச்சுக் கிடக்கான்னு பார்த்துட்டு வந்து உங்க பக்கத்துல எழுதுங்க. உள்ளூர்ப் பதிவர்கள் யாராவது இருந்தா, வருஷா வருஷம் ஒரே இடத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துப் போட்டாலே போதும், பெரிய ஆவணம் அது.

முத்துப்பேட்டை, கோடியக்கரைப் பக்கத்து நண்பர்களே, கஜாவுக்கு அப்புறம் உங்க ஊர்ல எது திரும்ப வந்துச்சு, எது வரலைன்னு யாராவது எழுதினா முதல் ஆளா வந்து படிப்பேன். இப்போதைக்கு நான் ஆணி பிடுங்கக் கிளம்புறேன். வர்ட்டா?